மருந்து கட்டியைத் தேடிப் போகிறதா? சுண்டெலியில் பெட், ஸ்பெக்ட் ஆய்வு நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கையில் ஒரு புது மூலக்கூறு இருக்கிறது. தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களில் அழகாக ஒட்டுகிறது. உயிருள்ள உடம்புக்குள் விட்டால் எங்கே போகும்? கட்டிக்கா, கல்லீரலுக்கா, இல்லை அரை மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியே போய்விடுமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் மனிதர்கள் பக்கம் போக முடியாது. அந்த மூலக்கூறின் முதுகில் ஒரு கதிரியக்க அணுவை ஏற்றி, கட்டி வளர்ந்த சுண்டெலிக்குள் செலுத்தி, அணு விடும் கதிரை வெளியிலிருந்து படம் பிடிப்பதுதான் இதற்கான வழி. மருத்துவமனையில் நோயாளிக்கு எடுக்கும் பெட் ஸ்கேனின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்ரான் என்ற துகளை விடும் அணுவைப் படம் பிடித்தால் அது பெட், நேரடியாகக் காமாக் கதிரை விடும் அணுவைப் படம் பிடித்தால் அது ஸ்பெக்ட். எலிகளுக்கென்றே செய்த முதல் நுண் பெட் கருவிகளில் ஒன்றை 1997-இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சைமன் செர்ரியின் குழு வெளியிட்டது. இன்று இதைக் கட்டணச் சேவையாகத் தரும் ஆய்வகங்கள் பல நாடுகளில் உள்ளன.

சேவை வாங்கப் போகும் பிஎச்டி மாணவருக்கும் சின்ன மருந்து நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கும்தான் இதை எழுதுகிறேன். ஆய்வை ஏற்பாடு செய்யும் பக்கத்திலும், வந்த படங்களை அளக்கும் பக்கத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் கண் முன்னால் கெட்டுப்போன ஆய்வுகளில் ஸ்கேனரால் கெட்டது மிகக் குறைவு. கேள்வி சரியில்லை, ஊசி சரியாக ஏறவில்லை, கடிகாரம் சரியில்லை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். இதில் தொல்லை என்னவென்றால், எது கெட்டாலும் படம் மட்டும் வண்ணமயமாக வந்துவிடும்.

முதல் படி: எந்த எண் வந்தால் நிறுத்துவீர்கள்?

ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். “24 மணி நேரத்தில் கட்டிக்கும் ரத்தத்துக்கும் உள்ள விகிதம் இதற்குக் கீழே இருந்தால் இந்த மூலக்கூறைக் கைவிடுகிறோம்.” விகிதம் எவ்வளவு என்பது உங்கள் மருந்தைப் பொறுத்தது. அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது ஆய்வு இல்லை, முதலீட்டாளரிடம் காட்ட ஒரு படம். அதுவும் ஒரு தேவைதான், ஆனால் அதற்கு இரண்டு எலி போதும். முப்பது எலியைக் கொல்ல வேண்டியதில்லை.

கேள்விகள் பொதுவாக மூன்று வகை. மருந்து எங்கே போகிறது என்பது ஒன்று. அதற்கு மருந்தின் மீதே அணுவை ஏற்ற வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பது இரண்டாவது. அதற்கு மருந்தைத் தொடவே வேண்டாம். குளுக்கோஸ் போன்ற, ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஏற்றிய எஃப்டிஜி-யைச் செலுத்தி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கட்டியின் சர்க்கரைப் பசியை அளந்தால் போதும். மூன்றாவது, குறிவைத்த ஏற்பியை, அதாவது செல்லின் மேல் மருந்து ஒட்டும் புரதத்தை, மருந்து எந்த அளவுக்கு அடைத்திருக்கிறது என்பது. ஏற்கெனவே அந்த ஏற்பியில் ஒட்டும் ஒரு கதிரியக்கப் பொருள் இருந்தால், மருந்து கொடுத்த பிறகு அது ஒட்ட இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கட்டி சுருங்குகிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் கட்டியின் நீள அகலத்தை அளக்கும் காலிப்பர் போதும். ஒளிரும்படி மாற்றிய புற்றுச் செல் வகை இருந்தால் ஒளிப்படக் கருவி பெட்டைவிடப் பல மடங்கு மலிவு. இதைச் சொன்னதற்காகச் சேவை ஆய்வகத்தார் என்மேல் கோபித்துக்கொள்ளலாம். சரி, பரவாயில்லை.

வழி நெடுகத் துணைக்கு ஓர் உண்மைக் கதையை வைத்துக்கொள்வோம். புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேல் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் அதிகமாக இருக்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்துப் புற்றுநோய் ஆய்வு மையத்தில், அதில் ஒட்டும் பிஎஸ்எம்ஏ-11 என்ற சின்ன மூலக்கூறை முதலில் செய்தார்கள். படமெடுக்க அது அருமை. புற்றுச் செல்லைக் கதிரால் கொல்லும் லுட்டீசியம்-177 ஏற்றிச் சிகிச்சை தர அது தோதாக இல்லை. ஒட்டும் முனைக்கும் உலோகத்தைப் பிடிக்கும் கூண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பையும் கூண்டையும் மாற்றிச் செய்த பிஎஸ்எம்ஏ-617, எல்என்கேப் என்ற மனிதப் புராஸ்டேட் புற்றுச் செல்களால் கட்டி வளர்ந்த எலிகளில் கட்டியிலேயே தங்கி, சிறுநீரகத்திலிருந்து விரைவாக நீங்கியது. 2015-இல் வெளியான அந்த எலி ஆய்விலிருந்து 2022 மார்ச்சில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ புளுவிக்டோ என்ற பெயரில் அதற்கு ஒப்புதல் தந்தது வரை ஏழு ஆண்டுகள். எலிப் படம் எதைச் சரியாகச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: அணுவைத் தேர்ந்தெடுத்தல்

மூலக்கூறு உடம்பில் எவ்வளவு நேரம் சுற்றுமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் அணுவும் உயிரோடு இருக்க வேண்டும். இது ஒன்றுதான் முக்கிய விதி. மற்றதெல்லாம் கிளை.

சின்னப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, ஒரு மணி நேரத்தில் கட்டியை அடைந்து, மீதி சிறுநீரில் போய்விடும். அதற்கு 68 நிமிட அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) உள்ள காலியம்-68 அல்லது 110 நிமிட ஃப்ளோரின்-18 பொருந்தும். ஆன்டிபாடி பெரியது, நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். கட்டியில் சேர்ந்து பின்னணி தெளிய மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். அதற்கு 78 மணி நேர சிர்கோனியம்-89. இடைப்பட்ட ஆன்டிபாடித் துண்டுகளுக்கு 12.7 மணி நேர செம்பு-64 நன்றாகப் பொருந்தும். ஆன்டிபாடிக்கு ஃப்ளோரின்-18 ஏற்றித் தரச் சொல்லி ஒருவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கட்டி ஒளிரத் தொடங்கும்போது ஃப்ளோரின் காணாமல் போயிருக்கும்.

அரை ஆயுள் மட்டும் பார்த்தால் போதாது. பாசிட்ரான் என்பது பிறந்த இடத்திலேயே அழிவதில்லை, கொஞ்ச தூரம் ஓடிப் பிறகுதான் எலக்ட்ரானை மோதி இரண்டு காமாக் கதிராக மாறும். கருவி பார்ப்பது அந்த மோதல் நடந்த இடத்தை. ஃப்ளோரின்-18-இன் பாசிட்ரான் தண்ணீரில் சராசரியாக 0.6 மி.மீ. ஓடும், காலியம்-68-இன் பாசிட்ரான் கிட்டத்தட்ட 2.9 மி.மீ. மனிதருக்கு இது பெரிய விஷயமில்லை. 6 மி.மீ. கட்டி வைத்திருக்கும் எலிக்கு இது பாதிக் கட்டி. அதனால் காலியம் படம் எப்போதும் கொஞ்சம் பஞ்சு போலத்தான் இருக்கும், கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்டா, ஸ்பெக்ட்டா என்ற கேள்வி அடுத்து வரும். அளவு துல்லியமும் உணர்திறனும் வேண்டுமானால் பெட். ஆனால் எலி ஸ்பெக்ட்டை ஏழை வீட்டுப் பிள்ளையாக நினைக்க வேண்டாம். ஊசித்துளை வழியாகப் படம் பிடிப்பதால் ஒரு மில்லிமீட்டருக்கும் நுட்பமான விவரம் அதில் கிடைக்கும். நல்ல எலி பெட் ஒரு மில்லிமீட்டர் அருகில் நின்றுவிடும். இன்னொன்று, பெட்டில் எந்த அணுவாக இருந்தாலும் வருவது அதே 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர். ஸ்பெக்ட்டில் ஆற்றலை வைத்து அணுக்களைப் பிரிக்கலாம்: டெக்னீசியம்-99எம் 140-இல், இண்டியம்-111 171-லும் 245-லும். ஒரே எலியில் ஒரே நேரத்தில் உங்கள் மருந்தையும் ஒப்பீட்டு மருந்தையும் பார்க்க முடிகிறது. சிகிச்சைக்கான லுட்டீசியம்-177 கூட 208-இல் ஒரு காமாக் கதிரை விடுகிறது. சிகிச்சை தரும் அணுவே தன் படத்தைத் தானே தரும்.

இந்தியாவில் ஆய்வு நடத்துபவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. லுட்டீசியம்-177 நம் நாட்டிலேயே, டிராம்பேயில் துருவா அணு உலையில் உருவாகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் இதில் நீண்ட அனுபவம் உள்ள இடம். காலியம்-68-க்கு ஜெர்மானியம்-68 ஜெனரேட்டர் (ஜெர்மானியம் தேய்ந்து காலியமாக மாறிக்கொண்டே இருக்கும் சிறு கலம்) ஒன்று இருந்தால் ஆய்வகத்திலேயே தினமும் ‘கறந்து’ கொள்ளலாம். பேச்சிலும் அப்படித்தான் சொல்கிறோம். ஜெர்மானியத்தின் அரை ஆயுள் 271 நாள் என்பதால் ஏறக்குறைய ஒரு வருடம் பால் தரும். சிர்கோனியம்-89-ஐ நம்பித் திட்டம் போடுபவர்கள் மட்டும் வரும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி விமானத்துக்காகக் காத்திருக்காது, வளர்ந்துகொண்டே போகும்.

மூன்றாம் படி: ஏற்றுவதும் சோதிப்பதும்

உலோக அணுக்களை மூலக்கூறில் பிடித்து வைக்க ஒரு கூண்டு வேண்டும். லுட்டீசியத்துக்கும் காலியத்துக்கும் டோட்டா. சிர்கோனியத்துக்கு வழக்கமாக டிஎஃப்ஓ. கூண்டு பலவீனமானால் அணு தப்பித்துத் தன் சொந்த வீட்டுக்குப் போகும். தப்பித்த சிர்கோனியம் எலும்பில் சேரும். தப்பித்த ஃப்ளோரினும் எலும்புக்குத்தான் போகும். ஐயோடின் தப்பித்தால் தைராய்டும் வயிறும் மின்னும். கட்டி எலும்புக்குப் பரவியிருக்கிறது என்று கைதட்டுவதற்கு முன், முழங்கால் மூட்டுகளும் முதுகெலும்பும் எல்லா எலியிலும் ஒரே மாதிரி ஒளிர்கின்றனவா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் அது நோயின் பரவல் இல்லை, கூண்டின் ஓட்டை.

ஆய்வகத்திடம் மூன்று எண்ணைக் கேளுங்கள். முதலாவது, கதிர்வேதித் தூய்மை: செலுத்தும் கதிரியக்கத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் உங்கள் மூலக்கூறில் இருக்கிறது? 95-க்குக் கீழே என்றால் எலிக்குக் கொடுக்க விடாதீர்கள். இரண்டாவது, ஏற்றிய பிறகும் ஆன்டிபாடி ஒட்டுகிறதா? கூண்டுகளை அளவுக்கு மேல் கோத்தால் ஒட்டும் முனையே மூடிப்போகும். மூன்றாவது, மோலார் செயல்திறன்: கதிரியக்கத்தோடு எவ்வளவு சாதா மூலக்கூறு கூடவே போகிறது?

இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எலிக் கட்டியில் இருக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. கதிர் இல்லாத சாதா மூலக்கூறு அதிகம் போனால் அதுவே எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துகொள்ளும், ஒளிரும் மூலக்கூறு நின்றுகொண்டு திரும்பிப் போகும். திங்கட்கிழமைத் தொகுதியில் நன்றாக ஒளிர்ந்த கட்டி வியாழக்கிழமைத் தொகுதியில் மங்கினால் முதலில் மருந்தைச் சந்தேகிக்காதீர்கள். அன்று எத்தனை மைக்ரோகிராம் போனது என்று பாருங்கள்.

நான்காம் படி: அனுமதி

இது சுவையில்லாத பகுதி, ஆனால் காலத்தை அதிகம் தின்பது இதுதான். இந்தியாவில் விலங்கு ஆய்வு 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விலங்கு இல்லம், விலங்கு ஆய்வுகளை மேற்பார்வையிடும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏ-வில் பதிவாகியிருக்க வேண்டும். எலிக்கான ஆய்வுத் திட்டத்தை நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்ப வேண்டும். கதிரியக்கப் பொருளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், பெயர் பதிவான கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டும். நெறிமுறைக் குழு எப்போது கூடும் என்று முதலில் கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். மாற்று எலிகளையும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு எலிக் குழுவுக்கும் ஐந்து எலி தேவை என்றால் ஆறு கேளுங்கள். ஒன்று எப்படியும் போகும்.

ஐந்தாம் படி: எலியும் கட்டியும்

ஏற்பி நிறைய உள்ள கட்டி, ஏற்பி இல்லாத கட்டி இரண்டும் இல்லாமல் ஆய்வைத் தொடங்காதீர்கள். பிஎஸ்எம்ஏ என்றால் எல்என்கேப் ஒரு பக்கம், அந்தப் புரதம் இல்லாத பிசி-3 மறுபக்கம். எந்தக் கட்டியாக இருந்தாலும் ரத்தக்குழாய் கசியும். பெரிய மூலக்கூறுகள் சும்மாவே அங்கே தேங்கும். ஏற்பி இல்லாத கட்டியும் பாதி ஒளிர்ந்தால் உங்கள் ‘குறிவைத்த’ மருந்தின் பாதிப் பெருமை வெறும் கசிவுதான்.

கட்டியின் அளவு ஒன்றும் சின்ன விஷயமில்லை. கருவியின் பகுதிறன் (பிரித்துக் காட்டும் நுட்பம்) 1.3 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. கட்டியில் உள்ள செறிவைக் கருவி குறைத்தே காட்டும். ஒளி அக்கம்பக்கத்தில் வழிந்துவிடும். மறுபுறம், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டியின் நடுப்பகுதி செத்துப்போயிருக்கும். படத்தில் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை விழும். 5 முதல் 8 மி.மீ. வரை என் விருப்பம். சிகிச்சைக்குப் பிறகு கட்டி சுருங்கினால் ஒளி குறைந்தது மருந்தாலா, வெறும் அளவு குறைந்ததாலா என்ற குழப்பமும் இங்கிருந்துதான் வருகிறது.

ஆன்டிபாடி ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நோய் எதிர்ப்பு மிகக் குறைந்த என்எஸ்ஜி எலிகளில் மனிதக் கட்டி நன்றாக வளரும் என்று எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த எலியின் ரத்தத்தில் சொந்த ஆன்டிபாடி இல்லை. அதனால் நீங்கள் செலுத்தும் ஆன்டிபாடியின் வால் பகுதியை மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள செல்கள் காலியான ஏற்பிகளால் பிடித்து இழுத்துக்கொள்ளும். மண்ணீரல் பளிச்சென்று எரியும், கட்டி மங்கும். மருந்து மோசம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நோய் எதிர்ப்பு அவ்வளவு குறையாத, முடியில்லாத சாதா நியூட் எலியில் வளரும் கட்டி என்றால் அதையே கேளுங்கள்.

ஆறாம் படி: ஊசி போடும் நாள்

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எஃப்டிஜி ஆய்வென்றால் எலி முந்தைய நாளே தயாராக வேண்டும். இரையை அகற்றிவிட வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே, சில ஆய்வகங்களில் அரை மணி நேரம் முன்பே, எலி சூட்டு மெத்தையில் இருக்க வேண்டும். 2006-இல் யுசிஎல்ஏ குழுவினர் ஒரே வகை எலியை, ஒரே எஃப்டிஜி-யை வைத்து, பட்டினி, சூடு, மயக்க மருந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எலியைக் கையாளும் விதத்தைப் பொறுத்துக் கட்டி தெரிவதே மாறியது. பட்டினி போட்டு, 30 டிகிரியில் வைத்து, ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் எடுத்தது நன்றாக இருந்தது. சுண்டெலிக்கு நம் ஏசி அறை என்பது மார்கழிக் குளிர். குளிர்ந்தால் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை எரித்து உடம்பைச் சூடேற்றும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தொகுதிப் படங்கள் வந்தன. சிகிச்சை பெற்ற எலிகளில் கட்டியின் ஒளி பாதியாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரவு படங்களை முதுகுப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தபோது அதே எலிகளின் தோள்களுக்கு நடுவில் பட்டாம்பூச்சி இறகு விரித்தது போல ஒரு ஒளி. சிகிச்சை பெறாத எலிகளில் அது இல்லை. மறுநாள் விசாரித்ததில், மதியத்துக்கு மேல் சூட்டு மெத்தையின் பிளக் கழன்றிருந்தது. சிகிச்சைக் குழுவை மதியத்துக்கு மேல்தான் எடுத்திருக்கிறார்கள். பட்டாம்பூச்சி தின்ற சர்க்கரையைத்தான் நாங்கள் மருந்தின் கணக்கில் எழுதியிருந்தோம். அன்றிலிருந்து இரண்டு விஷயம் கேட்கிறேன்: குழுக்களை நாள் முழுக்கக் கலந்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு எலியின் உடல் வெப்பமும் ரத்தச் சர்க்கரையும் தாளில் இருக்க வேண்டும்.

அடுத்து ஊசி. வால் ரத்தக்குழாயில் இன்சுலின் ஊசி அளவுக்கு மெல்லிய ஊசி. வாலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் குழாய் புடைத்துத் தெரியும். 20 கிராம் எலிக்கு 100 முதல் 200 மைக்ரோலிட்டர் வரை, அதற்கு மேல் வேண்டாம். நன்றாக ஏறினால் தடையே இருக்காது. விரலில் சிறு எதிர்ப்புத் தெரிந்தாலே மருந்து குழாய்க்கு வெளியே வாலுக்குள் தேங்குகிறது என்று பொருள். பழகிய கை இதை அந்த நொடியே உணர்ந்து நிறுத்திவிடும். பழகாத கை தள்ளிவிடும். அதனால் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கருவியின் பெயரைக் கேட்பதற்கு முன் ‘ஊசி யார் போடுகிறார்கள்’ என்று கேட்பேன். படம் எடுக்கும்போது வாலையும் பார்வைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பல ஆய்வகங்கள் படுக்கை நீளத்துக்காக வாலை வெட்டிவிடும், படத்தில்தான்.

கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். செலுத்தியதில் எத்தனை சதவீதம் ஒரு கிராம் கட்டியில் இருக்கிறது என்பதுதான் நாம் தேடும் எண். ஊசியில் 5.2 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) எடுத்தார்கள். போட்ட பிறகு ஊசியில் 0.3 மீதி. ஆகவே உள்ளே போனது 4.9. அதில் வாலில் தேங்கியது 0.5. உடம்புக்குள் உண்மையில் சுற்றியது 4.4. கட்டியில் ஒரு கிராமுக்கு 0.4 மெகாபெக்கரல் என்று கருவி சொல்கிறது. மீதியையும் கழிக்காமல் வகுத்தால் கிராமுக்கு 7.7 சதவீதம். மீதியைக் கழித்தால் 8.2. வாலையும் கழித்தால் 9.1. ஒரே எலி, மூன்று விடை. வாலில் பத்து சதவீதத்துக்கு மேல் தேங்கிய எலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் விதி. இந்த எலி மயிரிழையில் வெளியே போகிறது. விதி எதுவானாலும் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன் எழுதி வையுங்கள்.

கடைசியாக, கடிகாரம். கதிரியக்கம் அளக்கும் டோஸ் கேலிப்ரேட்டருக்கு ஒரு கடிகாரம், ஸ்கேனரின் கணினிக்கு ஒன்று, ஊசி போட்ட நேரத்தைக் குறிக்கும் தம்பியின் கைபேசி ஒன்று. மூன்றும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்ப்பதில்லை. ஆறு நிமிடம் பிசகினால் ஃப்ளோரின்-18-இல் 4 சதவீதம் பிழை, காலியம்-68-இல் 6, கார்பன்-11 என்றால், அதன் அரை ஆயுள் 20 நிமிடம்தான், 18 சதவீதம். சுவரில் ஒரே கடிகாரம் மாட்டி, எல்லா நேரத்தையும் அதைப் பார்த்து எழுதும் ஆய்வகம் எனக்குப் பிடிக்கும்.

ஏழாம் படி: படம்

எஃப்டிஜி என்றால் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பத்து நிமிடப் படம். ஆன்டிபாடிக்கு 24, 72, 120 மணி நேரம் என்று அதே எலியைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். அணு தேயத் தேயப் படமெடுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். இதுதான் இந்த முறையின் பெரிய லாபம்: ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கூண்டு எலியைக் கொல்லாமல், ஒரே எலி தனக்குத் தானே ஒப்பீடாகிறது. மருந்து முதல் சில நிமிடங்களில் எப்படிப் பரவுகிறது என்பதே கேள்வி என்றால் எலியை ஸ்கேனருக்குள் வைத்து, குழாய் மாட்டி, உள்ளேயே ஊசி போட வேண்டும். செலவு கூடும், ஒரு நாளைக்குச் சில எலிதான் முடியும். நான்கு எலியை ஒரே நேரத்தில் படுக்க வைக்கும் ‘மவுஸ் ஹோட்டல்’ இருக்கிறது. வேகம், மலிவு, ஆனால் நடுவிலிருந்து தள்ளிப் படுக்கும் எலிக்குத் தெளிவு கொஞ்சம் குறையும். குழுக்களைப் படுக்கையின் இடங்களுக்கும் மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு சிடி ஸ்கேன் (எக்ஸ்ரே படம்) எடுப்பார்கள், உறுப்பு எங்கே என்று தெரிய. ஒவ்வொரு சிடி-யும் எலிக்குக் கதிர்தான். பத்துத் தடவை எடுத்துவிட்டுக் கட்டி சுருங்கியதற்கு மருந்தை மட்டும் பாராட்ட முடியாது. குறைந்த அளவில் எடுக்கச் சொல்லுங்கள்.

கருவியின் தரம் பற்றிக் கேட்க ஒரு வரி போதும்: சிறு விலங்கு பெட் கருவிகளுக்கான நெமா என்யு 4 தர அளவுப்படி கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? 2008-இல் வந்த அந்தத் தரத்தில், 1 முதல் 5 மி.மீ. வரை கதிரியக்க நீர் நிரப்பும் ஐந்து தண்டுகள் உள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் சோதனைப் பொம்மை இருக்கும். 1 மி.மீ. தண்டில் உண்மைச் செறிவில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் சின்னக் கட்டிகளின் கதி அதில் தெரிந்துவிடும்.

எட்டாம் படி: எண்ணாக்குதல்

கட்டியைச் சுற்றிக் கோடு போட்டு, கிராமுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். மருத்துவமனைக்காரர்கள் எஸ்யுவி என்று சொல்வார்கள், அதாவது உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் இருக்கும் செறிவைப் போல் எத்தனை மடங்கு என்று. இரண்டுக்கும் நடுவில் எலியின் எடைதான் நிற்கிறது: 8.2 சதவீதம் என்பது 20 கிராம் எலியில் எஸ்யுவி 1.6, 25 கிராம் எலியில் 2.05. மருந்தின் நச்சால் எடை இழந்த எலிகளை ஆரோக்கியமான எலிகளோடு கிராமுக்கு எத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டால், ஒன்றுமே நடக்காமல் ‘முன்னேற்றம்’ தெரியும். அதே மருந்து சின்ன உடம்புக்குள் போனால் செறிவு கூடத்தானே செய்யும்?

கோடு போடுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. வண்ண அளவுகோல் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதோடு மூலத் தரவுக் கோப்புகள் முழுவதும் உங்களுக்கு வர வேண்டும் என்றும். பவர்பாயின்ட்டில் ஒட்டிய படங்களை வைத்து ஓராண்டு கழித்து எதையும் மறுபடி அளக்க முடியாது.

ஒன்பதாம் படி: படத்தை நம்பாமல் இருத்தல்

கடைசிப் படம் முடிந்ததும் எலியைக் கருணைக்கொலை செய்து, உறுப்புகளை எடுத்து, எடை போட்டு, காமா கவுண்ட்டரில் ஒவ்வொன்றின் கதிரையும் எண்ண வேண்டும். கட்டி, ரத்தம், தசை, கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல், எலும்பு. படத்தின் எண்ணும் கவுண்ட்டரின் எண்ணும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் கவுண்ட்டர்தான் சரி, ஸ்கேனரையும் கேலிப்ரேட்டரையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

தனியாக ஒரு சிறு குழுவுக்கு, சாதா மூலக்கூறைப் பெருமளவு முதலில் கொடுத்து ஏற்பிகளை அடைத்துவிட்டு, பிறகு கதிரியக்க மருந்தைக் கொடுங்கள். கட்டியின் ஒளி விழ வேண்டும். விழவில்லையென்றால் அது ஏற்பியில் ஒட்டவில்லை. பிஎஸ்எம்ஏ-வில் இதைச் செய்தால் எலியின் சிறுநீரகமும் மங்கும். எலியின் சிறுநீரகத்திலும் அந்தப் புரதம் இருக்கிறது; அங்கே தெரிந்த ஒளி வெறும் கழிவு இல்லை என்பது அப்போதுதான் புரியும்.

கழிவைப் பற்றிச் சுருக்கமாக. பத்து அரை ஆயுள் வைத்திருந்து, அளந்து பார்த்து, பிறகு அப்புறப்படுத்துவது வழக்கம். ஃப்ளோரின்-18-க்கு மறுநாள் காலையே முடிந்துவிடும். சிர்கோனியத்துக்கு ஒரு மாதம், லுட்டீசியம்-177-க்கு இரண்டு மாதத்துக்கு மேல். ஐயோடின்-125 ஏற்றிய எலியின் உடல் ஃப்ரீசரில் ஏறக்குறைய இருபது மாதம் கிடக்கும். லுட்டீசியத்தை நேரடியாக நியூட்ரானால் தாக்கிச் செய்தால் கூடவே 160 நாள் அரை ஆயுள் உள்ள லுட்டீசியம்-177எம் சிறிது வரும். அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஃப்ரீசர் வாடகை தனிக் கட்டணமாக வந்து நின்ற பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் படி: எலியிலிருந்து மனிதருக்கு

சிகிச்சை மருந்தென்றால், ஒவ்வொரு உறுப்பிலும் நேரத்துக்கு நேரம் இருந்த அளவை வரைபடமாக்கி, அதன் அடியில் உள்ள பரப்பைக் கணக்கிட்டு, மனித உறுப்பின் எடைக்கு மாற்றி, மனிதருக்கு எவ்வளவு கதிர் விழும் என்று மதிப்பிடுவார்கள். லுட்டீசியத்துக்கு 1, 4, 24, 72, 168 மணி என்று பரவலான நேரங்கள் வேண்டும். கடைசி நேரத்தைக் காசு மிச்சம் என்று வெட்டினால் வரைகோட்டின் வால் பகுதியை ஊகித்துத்தான் வரைய வேண்டும். சிறுநீரகத்தின் கதிர் அளவில் கணிசமான பங்கு அந்த வாலில் ஒளிந்திருக்கலாம்.

மிகச் சிறிய அளவில் மனிதரிடம் படமெடுத்துப் பார்க்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. நுண்டோஸ் என்ற அந்த வகையில் 100 மைக்ரோகிராமுக்கு மிகாமல், மருந்தாக வேலை செய்யும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொடுப்பார்கள். அதற்கு வேண்டிய விலங்குச் சோதனைகள் குறைவு. எலி ஆய்வில் இரண்டு மூலக்கூறுகள் சமமாக வந்து நிற்கும்போது, மூன்றாவது எலி ஆய்வைவிட இது நல்ல யோசனை.

சரி, பிஎஸ்எம்ஏ-617-க்கு வருவோம். கட்டியில் தங்குகிறது, சிறுநீரகத்திலிருந்து விரைவாக நீங்குகிறது என்று எலி சொன்னது; அது மனிதரிலும் நின்றது. ஆனால் மருந்து மனிதரிடம் போனபோது உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதை இழுத்துக்கொண்டன. ஒப்புதலுக்கு அடிப்படையான பெரிய ஆய்வில் அந்த மருந்து பெற்றவர்களில் கிட்டத்தட்ட 39 சதவீதம் பேருக்கு வாய் வறண்டது. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி இதை அந்த அளவுக்கு எடுப்பதில்லை. அடுத்த முறை கவுண்ட்டருக்கு அனுப்பும் உறுப்புகளின் பட்டியலைத் தயாரிக்கும்போது, உங்கள் ஏற்பி மனிதரில் எங்கெல்லாம் இருக்கிறது, எலியில் எங்கெல்லாம் இருக்கிறது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத வரிகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு, அதை ஆய்வறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்.